ரெண்டு பைக்கு, ஒரு படுக்கை, பின்னால ஒரு பெட்டி: டாய் ஹாலர் ட்ரெய்லர் வாங்கி ஒன்னரை வருசம் இழுத்த அனுபவம்

திசையன்விளைக்குப் பக்கத்துல நம்ம ஊரு. 2022 மாடல் இசுசு வி-கிராஸ் பிக்கப்பு வச்சிருக்கேன், 1.9 லிட்டர் டீசல், மேனுவல் கியர், 4x4. அதுக்குப் பின்னால ஒரு டாய் ஹாலர் ட்ரெய்லர் மாட்டி ஒன்னரை வருசமா இழுத்துக்கிட்டுத் திரியுதேன். டீக்கடைல நிப்பாட்டுனாலும் சரி பெட்ரோல் பங்குல நிப்பாட்டுனாலும் சரி நாலு பேரு வந்து "அண்ணாச்சி இது என்ன பெட்டி, என்ன வெல, எங்க வாங்குனிய, என் வண்டி இழுக்குமா" ன்னு கேக்காவ. ஒவ்வொருத்தருக்கும் பாதி பாதியா சொல்லி விட்டுட்டேன், அதுல ரெண்டு பேரு நெசமாவே வாங்கப் போறாவன்னு கேள்விப்பட்ட பொறவு மனசு கேக்கல, முழுசா எழுதிருவோம்னு உக்காந்துட்டேன்.

தெரியாதவங்களுக்கு: டாய் ஹாலர்ங்கறது அமெரிக்காக்காரன் வச்ச பேரு. பைக்கு, மணல்ல ஓட்டுற நாலு சக்கர வண்டி இதெல்லாம் அவனுக்கு 'டாய்'. பின் செவரு அப்படியே கீழ எறங்கி சாய்வுப் பலகையாயிரும், வண்டிய ஏத்திக்கலாம், முன்னால படுக்க சமைக்க எடம் இருக்கும். எங்க அத்தான் டெக்சாஸ்ல இருக்காவ, அங்க 30 அடி 35 அடின்னு வீடு மாதிரி இழுத்துட்டுப் போவாங்களாம். என்னது சின்னது. உள்ள 10 அடி நீளம், 6 அடி அகலம், ஒத்த ஆக்சில், முன்னால ஒரு பெஞ்சு, அத விரிச்சா ரெண்டு பேரு படுக்கலாம்.

எதுக்கு இதுன்னு கேட்டா, என்கிட்ட எக்ஸ்பல்ஸ் பைக்கு இருக்கு, தம்பிகிட்ட ஹிமாலயன் பைக்கு. வி-கிராஸ் பின் பெட்டி நீளம் 5 அடிக்குள்ளதான், எக்ஸ்பல்ஸ் 7 அடி தாண்டும். பின் கதவத் தொறந்து போட்டு கயித்தக் கட்டி ஒத்த பைக்க ஏத்திட்டுப் போனா வழி நெடுக கண்ணாடியில பைக்கத்தான் பாத்துட்டு வரணும், ரோட்ட எங்க பாக்க? அதான் ட்ரெய்லரு.

இனி நடந்தத சொல்லுதேன், ஏன்னா இதுலதான் எல்லாமே இருக்கு.

வாங்கி மூணாவது மாசம், ஆடி மாசம். நாகர்கோவில் மச்சான் வீட்டுக்குப் போறோம், நானு, தம்பி, பின் சீட்டுல என் மவன். உள்ள ரெண்டு பைக்கு, தண்ணி டேங்கு ஃபுல்லு, டூல் பெட்டி, எல்லாம் இருக்கு. பணகுடி தாண்டி காவல்கிணறு பக்கமா நாலு வழிச் சாலைல 80ல போறேன். அந்த எடம் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், ஆரல்வாய்மொழி கணவா வழியா மேக்க இருந்து காத்து வந்து அடிக்கும், அதுக்குத்தான அங்கன முப்பந்தல் பூரா காத்தாடிய நட்டு வச்சிருக்கான். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னா நம்ம பெட்டி எம்மாத்திரம். ஒரு ஆம்னி பஸ்ஸு வலது பக்கமா ஏறிப் போனான். பஸ்ஸு பக்கத்துல வர்ற அந்த ரெண்டு நிமிசம் காத்த அவன் மறைச்சுட்டான், வண்டி அமைதியா இருக்கு, அவன் தாண்டுன அடுத்த செகண்டுல காத்து மொத்தமா வந்து பெட்டி மேல மோதிச்சு. பின்னால இருந்து யாரோ வண்டி வாலப் புடிச்சு ஆட்டுன மாதிரி இருந்துச்சு. எடது, வலது, எடது, வலது, ஒவ்வொரு ஆட்டமும் முன்னத விடப் பெருசா. மவன் "அப்பா" ன்னு கத்துனான். நான் பிரேக்க மிதிக்கல, அத்தான் முன்னாடியே சொல்லிருந்தாவ, ஆட ஆரம்பிச்சா முன் வண்டி பிரேக்க ஓங்கி மிதிச்சா பின்னால இருக்கறது தள்ளிட்டு வந்து மடங்கிரும்னு. ஸ்டியரிங்க நேரா இறுக்கிப் புடிச்சுகிட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை மட்டும் எடுத்தேன். ஆட்டத்துக்கு எதிரா ஸ்டியரிங்க ஒடிச்சு ஒடிச்சுத் திருப்பவும் கூடாது, நம்ம கை எப்பவும் அரை செகண்டு லேட்டாத்தான் போகும், அதுவே ஆட்டத்தக் கூட்டிரும். 50க்கு எறங்குனதும் தானா அடங்குச்சு. காவல்கிணறு விலக்குல ஓரங்கட்டி நிப்பாட்டிட்டு கொஞ்ச நேரம் யாரும் பேசல.

ஊருக்கு 40லயே உருட்டிட்டு வந்தேன். மறுநாள் காலைல எங்க அப்பா முத்தத்துல நிக்க ட்ரெய்லர சுத்திப் பாத்தாவ. அப்பா வாலிபத்துல மாட்டு வண்டில நெல்லு மூடையும் கருப்பட்டிச் சிப்பமும் ஏத்திட்டுப் போனவிய. ஹிட்ச்சுல, அதான் பிக்கப்போட இணைக்கிற எடத்துல, மாட்டுற பக்கம் வந்து ட்ரெய்லர் மூக்கப் புடிச்சு ஒத்தக் கையால தூக்குனாவ, தூக்கிருச்சு. அப்பாவுக்கு வயசு 74.

"எய்யா, இது பின்பாரமால்லா இருக்கு. மாடு பூட்டுன வண்டியா இருந்தா நுகத்தடி மேல ஏறி பூட்டாங்கயிறு கழுத்த நெரிச்சிருக்கும். எவம்ல பாரம் ஏத்துனது?" ன்னாவ.

அம்புட்டுதான். ஆறு மாசமா நான் வீடியோ பாத்துப் படிச்ச டங் வெயிட், நோஸ் வெயிட்டுன்னு இருந்தது எல்லாம் நம்ம வண்டிக்காரங்க முன்பாரம் பின்பாரம்னு சொன்னதுதான். கணக்கு என்னன்னா, ட்ரெய்லர் மொத்த எடைல நூத்துக்கு 10ல இருந்து 15 பங்கு ஹிட்ச்சு மேல முன்பாரமா உக்காரணும். அதுக்குக் கொறஞ்சா ஸ்பீடுல ஆடும். கூடிட்டா முன் வண்டி பின்பக்கம் அமுங்கி மூஞ்சி தூக்கும், ஸ்டியரிங் லேசாயிரும், ராத்திரி ஹெட்லைட்டு எதுத்தாப்புல வாரவன் கண்ணுல அடிக்கும். கொறச்சலும் ஆவாது கூடுதலும் ஆவாது, ஆனா ரெண்டுல மோசமானது கொறச்சல்தான்.

அன்னைக்கே எடை மேடைக்குக் கொண்டு போனேன், முந்தின நாள் ஏத்துன பாரத்தோடயே. ட்ரெய்லர மட்டும் கழட்டி நிப்பாட்டுனா 1070 கிலோ. முன்பாரம் பாக்க லாரி எடை மேடை சரிவராது, 10 கிலோ 20 கிலோ வித்தியாசத்த அது சரியா காட்டாது. அரிசிக் கடைல மூடை போடுற மேடைத் தராச வாங்கிட்டு வந்து, சமதளத்துல ட்ரெய்லர நிப்பாட்டி, ஹிட்ச்சுல மாட்டும்போது என்ன உயரமோ அதே உயரத்துக்குக் கட்டைய அடுக்கி மூக்க அதுமேல எறக்குனேன். 22 கிலோ! 1070க்கு 107ஆவது இருக்கணும், இருந்தது 22. நான் 80ல போனதுக்கு அது அன்னைக்குக் கவுறாம விட்டதே பெருசு.

எதனால இப்படின்னு உள்ள போய்ப் பாத்தா வெவரம் புரிஞ்சுது. 100 லிட்டர் தண்ணி டேங்க அந்தக் கம்பெனிக்காரங்க கடைசில, சாய்வுப் பலகைக்குப் பக்கத்துல மூலைல வச்சிருந்தாவ, குழாய் வைக்க லேசு பாருங்க. 100 லிட்டர்னா 100 கிலோ, ஆக்சிலுக்குப் பின்னால ஒரு மீட்டர் தள்ளி. டூல் பெட்டிய நானே பின்னால வச்சிருந்தேன், அது என் தப்பு. பைக்கு ரெண்டும் சேந்து 360 கிலோ, அதோட நடுவும் ஆக்சிலுக்குக் கொஞ்சம் பின்னாலதான் விழுது. எல்லாம் சேந்து மூக்கத் தூக்கிருச்சு.

இன்னொரு விசயம் அத்தான் போன்ல சொன்னாவ, அதுதான் வாங்குறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அமெரிக்காவுல ஒழுங்கா செய்ற டாய் ஹாலர் வெறும் வண்டியா நிக்கும்போது மூக்கு நல்லா கனமா இருக்குமாம், வேணும்னே அப்படிச் செய்வாங்களாம், ஏன்னா பைக்கு எல்லாம் பின்னாலதான் ஏறும், ஏறுனா மூக்கு எடை தானா எறங்கும். சாதாரண கேரவனுக்கும் டாய் ஹாலருக்கும் இதுதான் பெரிய வித்தியாசம். என் ட்ரெய்லர் வெறுசா இருக்கும்போதே மூக்கு 60 கிலோதான். வெறும் எடைக்கு அது பாக்க சரியான கணக்குதான், ஆனா பைக்கு ஏத்துறதுக்குன்னு செஞ்ச வண்டிக்கு பத்தாது. செஞ்சவங்க வெறும் பெட்டிக்குக் கணக்குப் போட்டாங்க, பாரம் ஏத்திப் பாக்கல.

தண்ணி டேங்க கழட்டி முன் பெஞ்சுக்கு அடில கொண்டு வந்து பட்டை போட்டு இறுக்குனோம், குழாய நீட்டி விட்டோம், டூல் பெட்டியும் முன்னால. வேற ஒண்ணும் செய்யல, வெல்டிங் இல்ல, ஆக்சில தொடல. திரும்ப எடை போட்டா மொத்தம் அதே 1070, முன்பாரம் 138. அதுக்குப் பொறவு இன்னைக்கு வரைக்கும் ஒரு தடவ கூட ஆடல. ஆனாலும் ஆனி ஆடில அந்தக் கணவாப் பக்கம் 60 தாண்ட மாட்டேன். தண்ணி காலியான பொறவு திரும்பி வரும்போது மூக்கு 90 கிட்ட எறங்கிரும், அதனால கெளம்புறதுக்கு முன்னால எங்கயாவது பாதி டேங்காவது ரொப்பிக்கிடுவோம். ஆடாம இருக்க ஸ்டெபிலைசர்னு ஒரு சாமான் விக்கான், நல்ல சாமான்தான், ஆனா முன்பாரம் சரியில்லாத வண்டிக்கு அத மாட்டுனா நோவ மறைக்கிற மாத்திரை மாதிரி, நோவு உள்ளயேதான் இருக்கும்.

இனி கம்பெனி பத்தி. பேரு சொல்ல விரும்பல. வேலை சுத்தம், மழைல ஒரு சொட்டு ஒழுகல, சாய்வுப் பலகை ஸ்பிரிங்கு என் மவன் தனியா எறக்குற அளவுக்கு லேசு, பைக்கு முன் சக்கரம் போய் உக்காருற கிளாம்பு அருமை. அதுக்கெல்லாம் மனசார மார்க்கு போடுதேன். ஆனா தகட்டுல வெறும் எடை 420ன்னு அடிச்சிருந்தாவ, எடை மேடைல வெறும் பெட்டி 510 வந்துச்சு. கேட்டா "பேட்டரி, ஃபேனு, மெத்தை, பக்கத்துல விரிக்கிற பந்தல் எல்லாம் சேத்தா அப்படித்தான் சார் வரும்" ன்னாவ. சரி, அதெல்லாம் நீங்கதான மாட்டிக் குடுத்திய? அனுமதிச்ச 1200 கிலோ மொத்த எடைல வெறும் எடையக் கழிச்சா வர்றதுதான் நாம ஏத்தக்கூடிய பாரம், அதுல 90 கிலோ காணாமப் போச்சு. ஒரு ஆளு எடை அது. அதனால வாங்கப் போறவங்க கடைசித் தவணை குடுக்கறதுக்கு முன்னால எடை மேடைல ஏத்திக் காட்டச் சொல்லுங்க, ஏத்த மாட்டேம்னு சொன்னா வேற எடம் பாருங்க. அதே மாதிரி அப்ரூவல் பேப்பரோட குடுக்காங்களான்னு முதல்லயே கேட்டுக்கிடுங்க. ட்ரெய்லருக்கும் ஆர்டிஓல தனியா ரெஜிஸ்ட்ரேஷன் உண்டு, டிராக்டர் ட்ரெய்லருக்கு இருக்குல்லா அது மாதிரி. ஊர்ல தெரிஞ்ச பட்டறைல பாதி வெலைல அடிச்சு வாங்கிறலாம்னு என்கிட்டயும் சொன்னாவ, பேப்பர் இல்லாத வண்டி ரோட்டுல ஒருத்தன் மேல மோதிருச்சுன்னா இன்சூரன்ஸ் இல்லாம யாரு பதில் சொல்ல?

எந்த வண்டி இழுக்கும்ங்கற கேள்விக்கு வாரேன். எல்லாரும் இன்ஜினத்தான் கேக்காவ. என்னது 163 பிஎஸ், 360 நியூட்டன் மீட்டர், 1070 கிலோவ நாலாவது கியர்ல பேசாம இழுக்கு. டொயோட்டா ஹைலக்ஸ் வச்சிருக்கறவங்களுக்கு 2.8 லிட்டர், 204 பிஎஸ், இன்னும் சொகமா இருக்கும். ஆனா இழுக்கறது பெரிய காரியமே இல்ல, ஒரு டன்ன எந்த டீசல் பிக்கப்பும் இழுத்துரும். நிப்பாட்டணும்லா? வண்டி புக்குல பிரேக்கு உள்ள ட்ரெய்லருக்கு ஒரு எடை, பிரேக்கு இல்லாத ட்ரெய்லருக்கு ஒரு எடைன்னு தனித்தனியா போட்டிருந்தா ரெண்டாவத முதல்ல பாருங்க. ஐரோப்பால 750 கிலோவுக்கு மேல போனா ட்ரெய்லருக்கு சொந்தமா பிரேக்கு இருந்தே ஆகணும். நம்ம ரோட்டுக்கும் அதையே கணக்கா வச்சுக்கிடுங்கன்னுதான் சொல்லுவேன், ஏன்னா நம்ம ரோட்டுல ஆடு, மாடு, திடீர்னு திரும்புற ஷேர் ஆட்டோ எல்லாம் இருக்கு. பொறவு, அந்த 138 கிலோ முன்பாரம் இருக்குல்லா, அது உங்க பிக்கப்பு சொமக்குற பாரத்துல சேரும். பின்னால ட்ரெய்லரு இருக்கேன்னு பிக்கப்பு பெட்டிலயும் மூடை மூடையா ஏத்துனா பின் ஆக்சில் தாங்காது. மாட்டுறதுக்கு முன்னால பின் சக்கரத்துக்கு மேல ஃபெண்டர் உயரத்த டேப்பு வச்சு அளந்துக்கிடுங்க, மாட்டுன பொறவு அளங்க, முன் சக்கரத்துக்கும் அதே மாதிரி. முன்பக்கம் ரொம்ப ஏறியிருந்தா எங்கயோ கூடிருச்சுன்னு அர்த்தம்.

என் ட்ரெய்லர்ல இருக்கறது ஓவர்ரன் பிரேக்கு. முன் வண்டி பிரேக்கு அடிச்சா ட்ரெய்லர் முன்னால தள்ளும், அந்தத் தள்ளுற வேகத்துலயே கப்ளர், அதான் ஹிட்ச்சுல மாட்டுற மூக்கு முனை, உள்ள போய் கம்பிய இழுத்து சக்கரத்தப் புடிக்கும், கரண்டு ஒண்ணும் வேண்டாம். நல்லா வேலை செய்யுது. ரெண்டு எடத்துல மட்டும் பழகணும். ஒண்ணு, ஏத்தத்துல ரிவர்ஸ் எடுத்தா கப்ளர் அதே மாதிரி உள்ள தள்ளி பிரேக்கு புடிச்சுக்கிடும், அத நிறுத்துற லாக்கு ஒண்ணு இருக்கு, எனக்கு யாரும் காட்டிக் குடுக்கல, எங்க வீட்டு மேட்டுல ரிவர்ஸ் எடுக்கேன்னு கிளட்ச்சு வாசன வர்ற வரைக்கும் போராடுனேன். ரெண்டு, மல எறக்கம். செங்கோட்டைல இருந்து ஆரியங்காவு வழியா புனலூருக்கு எறங்கும்போது மொத்த எறக்கத்துலயும் ட்ரெய்லர் நம்மளத் தள்ளிட்டேதான் வரும், அப்ப அதோட பிரேக்கும் விடாம லேசா உரசிட்டே வரும், சூடாயிரும். ரெண்டாவது கியரு, 25-30, பாதில ஒரு எடத்துல ஓரமா நிப்பாட்டி கால் மணி நேரம் ஆறவிட்டு, ஹப்பு பக்கத்துல கைய கொண்டு போய் சூடு பாத்துட்டு எறங்குங்க. ஒரு பக்கம் மட்டும் சூடு தூக்கலா இருந்தா பேரிங்கோ பிரேக்கோ ஏதோ இருக்குன்னு அர்த்தம். எனக்கு 4000 கிலோமீட்டர்ல எடது பக்கம் அப்படி வந்துச்சு, கிரீஸ் சீல் போயிருந்துச்சு, சின்ன செலவோட முடிஞ்சுது.

ஹிட்ச்சு உருண்டை விசயத்துல ஏமாந்துராதீங்க. 50 மில்லிமீட்டரும் உண்டு, அமெரிக்க அளவுல 2 இஞ்சும் உண்டு, பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும், 1⅞ இஞ்சுன்னு அதவிடச் சின்னது ஒண்ணும் உண்டு. பெரிய கப்புல சின்ன உருண்டை மாட்டும், பூட்டுன மாதிரியும் தெரியும், ஒரு குழில விழுந்து எந்திரிச்சா கழண்டுரும். உருண்டை மேலயும் கப்ளர் மேலயும் அளவு அடிச்சிருப்பான், ரெண்டையும் படிச்சுப் பாத்து ஒண்ணா இருந்தா மட்டும் மாட்டுங்க. மாட்டுன பொறவு ஜாக்கி சக்கரத்தச் சுத்தி மூக்க மேல தூக்குங்க, பிக்கப்பு பின்பக்கமும் சேந்து எந்திரிச்சா பூட்டு விழுந்திருக்கு. சங்கிலி ரெண்டையும் கப்ளருக்கு அடில குறுக்க மாத்திப் போடணும், கழண்டாலும் மூக்கு ரோட்டுல குத்தாம அந்தச் சங்கிலித் தொட்டில விழும்.

ரிவர்ஸ் எடுக்கறது பழகுற வரைக்கும் அழுகைதான். ஒரு வழி சொல்லுதேன்: ஸ்டியரிங்கோட அடிப்பக்கம் கைய வச்சுக்கிடுங்க, கை எந்தப் பக்கம் போகுதோ ட்ரெய்லர் பின்பக்கமும் அந்தப் பக்கம் போகும். ஞாயித்துக்கெழம பள்ளிக்கூட மைதானத்துல ரெண்டு மணி நேரம் பழகுனா போதும். சந்தைநாள்ல திசையன்விளை பஜாருக்குள்ள மட்டும் கொண்டு போயிராதீங்க.

பைக்கு ஏத்தும்போது ட்ரெய்லர் பிக்கப்புல மாட்டித்தான் இருக்கணும். கழட்டி நிப்பாட்டி வச்சு ஹிமாலயன பின்னால ஏத்துனா 200 கிலோ கடைசில நிக்கும்போது மூக்கு வானத்தப் பாக்கும். பின்னால ரெண்டு முட்டு ஜாக்கி இருக்கு, அத எறக்கி, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுட்டு அப்புறம் ஏத்துங்க. நம்ம நெல்லையப்பர் தேருக்கே சக்கரத்துக்குக் கட்டை குடுத்துத்தான நிப்பாட்டுதாவ.

உள்ள தங்குறது எப்படின்னா, மார்கழி தை ராத்திரி சொர்க்கம். சித்திரைல படுக்கவே முடியாது, தகரப் பெட்டி தகரப் பெட்டிதான், மேல உள்ள ஃபேனு அனலத்தான் சுத்திச் சுத்தி அடிக்கும். நாங்க சாய்வுப் பலகைய சமமா தூக்கிக் கட்டி தார்சா மாதிரி ஆக்கி அதுமேல பாய விரிச்சிருவோம், தேரி, அதான் செம்மணல் மேடு, அது ஓரத்துல பனைமரத்து ஓலைச் சத்தம் கேட்டுகிட்டு படுத்தா கருக்கல்ல பதினி எறக்குற அண்ணாச்சி வந்து எழுப்புற வரைக்கும் தூக்கம்தான். ஆனா ஒண்ணு, இதுல மட்டும் என் பேச்சக் கேளுங்க: பைக்கு உள்ள நிக்கும்போது அதே பெட்டிக்குள்ள கதவப் பூட்டிட்டுப் படுக்காதீங்க. பெட்ரோல் ஆவி கீழாக்குலதான் தங்கும், படுக்கையும் கீழதான் இருக்கு, பக்கத்துல கேஸ் அடுப்பு. பைக்க வெளிய எறக்கி, பெட்ரோல் கேன பிக்கப்பு பெட்டில வச்சு, உள்ள வாசன போற வரைக்கும் ரெண்டு பக்கமும் தொறந்து போட்டுட்டு அப்புறம் பாய எடுங்க. சோம்பல் பட்டு ஒரு நாள் விட்டுறாதீங்க, புள்ளைகள வச்சுட்டுப் போறிய.

தேரின்னதும் ஒரு வார்த்தை. செம்மண்ணுக்குள்ள ட்ரெய்லர கொண்டு போகாதீங்க, 4x4 இருக்குன்னாலும். பிக்கப்பு போயிரும், பின்னால உள்ள சக்கரத்துக்கு இழுவை கெடையாது, மண்ண உழுதுகிட்டு நங்கூரம் மாதிரி நிக்கும். நாங்க தார் ரோட்டு ஓரத்துல கெட்டித் தரையா பாத்து விட்டுட்டு பைக்க எறக்கித்தான் போவோம். ஓட்டுறதும் எங்க சித்தப்பா பட்டா நெலத்துல மட்டும்தான், குதிரைமொழித் தேரி மாதிரி வனத்துறை எடத்துல போய் டயரால கிழிக்கக் கூடாது, அந்த மணல் மேடு உருவாக எத்தன ஆயிரம் வருசமாச்சோ.

மைலேஜ் வெறுசா 12, 13 குடுக்கும், இத மாட்டுனா 8, 9. ட்ரெய்லரு டயரு குளுமையா இருக்கும்போதே காத்து பாருங்க, புது வீலு மாட்டுனா முதல் 100 கிலோமீட்டருக்குள்ள நட்ட ஒருதடவ திரும்ப இறுக்குங்க.

மார்க்கு கேட்டா, பெட்டி வேலைக்கு 5க்கு 4, எடைக் கணக்குக்கு 5க்கு 1. திரும்ப வாங்குவேனான்னா வாங்குவேன், ஆனா தண்ணி டேங்கு முன்னால இருக்கணும், ஆக்சில் இன்னும் அரை அடி பின்னால இருக்கணும், எடை மேடைச் சீட்டு கையில வேணும்னு எழுதி வாங்கிட்டுத்தான் அட்வான்ஸ் குடுப்பேன். அப்பா இப்பவும் நாங்க கெளம்புறதுக்கு முன்னால வந்து மூக்க ஒரு தூக்கு தூக்கிப் பாப்பாவ. அசையலன்னா "சரி, போயிட்டு வாங்க" ன்னு உள்ள போயிருவாவ. வாங்குறவங்க யாராவது முன்பாரம் எடை போட தராசு கெடைக்காம இருந்தா திசையன்விளைப் பக்கம் வாங்க, நானே அரிசிக் கடைல எடுத்துத் தாரேன்.